ஏப்ரலில் ஒரு நாள் ஓட்டம்... அதற்காகக் குளிர்காலம் முழுக்க ஓடும் பாஸ்டன்!

ஜனவரி மாதத்து அதிகாலை 5.30 மணி. அமெரிக்காவின் பாஸ்டன் நகரம் இன்னும் கண் விழிக்கவில்லை. சூரியன் எட்டிப்பார்க்க இன்னும் ஒன்றரை மணி நேரத்துக்கு மேல் ஆகும். வெப்பநிலை பூஜ்யத்துக்கும் கீழே. நகரை ஒட்டி ஓடும் சார்லஸ் ஆற்றின் ஓரங்களில் தண்ணீர் கண்ணாடித் தகடுபோல உறைந்து கிடக்கிறது. ஆற்றங்கரைப் பாதையில் ஒரு சின்ன வெளிச்சம் மேலும் கீழுமாக ஆடியபடி வருகிறது. அருகில் வந்த பிறகுதான் தெரிகிறது, அது ஒருவர் நெற்றியில் கட்டியிருக்கும் விளக்கு. கண் இமைகளில் வெள்ளையாக உறைபனி. மூச்சு புகையாக வெளியேறுகிறது. ஷூவுக்கு அடியில் பனி நொறுங்கும் சத்தம் மட்டும் கேட்கிறது. அவர் கடந்து போன சில நிமிடங்களில் இன்னொரு விளக்கு. அதற்குப் பின்னால் இன்னும் இரண்டு.

யாரும் அவர்களைத் துரத்தவில்லை. கைதட்ட ஆள் இல்லை. பதக்கம் தருவதற்கும் ஆள் இல்லை. மார்கழிக் குளிருக்கே மஃப்ளரைத் தேடும் நம் ஊர்க்காரர்கள் பார்த்தால், ‘இவங்களுக்கு என்ன தலையெழுத்து?’ என்று கேட்பார்கள். அவர்கள் எல்லோரும் ஏப்ரல் மாதத்தின் ஒரு திங்கட்கிழமையை மனதில் வைத்துத்தான் ஓடுகிறார்கள். அன்றுதான் பாஸ்டன் மாரத்தான்.

காலண்டர் செய்த வேலை

உலகில் ஆண்டுதோறும் நடக்கும் மாரத்தான்களில் மிகப் பழைமையானது பாஸ்டன் மாரத்தான். 1896-ம் ஆண்டு ஏதென்ஸில் நடந்த முதல் நவீன ஒலிம்பிக்கில் மாரத்தான் ஓட்டத்தைப் பார்த்துவிட்டு வந்தவர்கள், அடுத்த ஆண்டே, அதாவது 1897-ல் தங்கள் ஊரிலும் அதைத் தொடங்கினார்கள். முதல் ஓட்டத்தில் புறப்பட்டவர்கள் வெறும் 15 பேர். இன்று சுமார் 30,000 பேர் ஓடுகிறார்கள்.

‘பேட்ரியட்ஸ் டே’ என்பது மாசசூசெட்ஸ் மாநிலத்தின் விடுமுறை நாள். 1775-ல் பிரிட்டிஷ் படைக்கு எதிராக அமெரிக்க சுதந்திரப் போரின் முதல் சண்டைகள் நடந்ததை நினைவுகூரும் நாள் அது. ஏப்ரல் மாதத்தின் மூன்றாவது திங்கட்கிழமையில் வரும். அந்த நாளில்தான் வழக்கமாக மாரத்தான் நடக்கும். அன்று ஊரே திருவிழாக் கோலம் பூணும்.

இந்தத் தேதிதான் எல்லாச் சிக்கலுக்கும் காரணம். 42.195 கிலோமீட்டரை ஓட ஒருவர் தன் உடலைத் தயார்செய்ய 16 முதல் 20 வாரங்கள் தேவை. ஏப்ரல் மூன்றாவது வாரத்திலிருந்து பின்னோக்கி எண்ணிப் பாருங்கள். டிசம்பரில் போய் நிற்கும். அதாவது, பாஸ்டனில் குளிர் தொடங்கும்போது பயிற்சியும் தொடங்குகிறது. குளிர் முடிகிறபோதுதான் பயிற்சியும் முடிகிறது. தப்பிக்க வழியே இல்லை.

டிசம்பர் பிற்பகுதியில் அங்கே பகல் வெறும் 9 மணி நேரம்தான். மாலை 4.15 மணிக்கெல்லாம் சூரியன் மறைந்துவிடும். காலையில் வேலைக்குப் போகும் முன் ஓடினாலும் இருட்டு, வேலை முடிந்து வந்து ஓடினாலும் இருட்டு. ஜனவரி மாதத்து இரவுகளில் மைனஸ் 5 டிகிரி சாதாரணம். வடகிழக்குக் கடற்காற்றோடு வரும் ‘நார்ஈஸ்டர்’ புயல் வந்துவிட்டால் ஒரே நாளில் முழங்கால் வரை பனி கொட்டிவிடும்.

இன்னொன்றும் உண்டு. பாஸ்டன் மாரத்தானில் பணம் கட்டினாலே ஓடிவிட முடியாது. ஏற்கெனவே வேறொரு மாரத்தானை, வயதுக்கும் பாலினத்துக்கும் ஏற்ப நிர்ணயித்த நேரத்துக்குள் ஓடி முடித்திருக்க வேண்டும். 1970 முதல் இப்படித் தகுதி பார்க்கும் வழக்கம் இருக்கிறது. இல்லையென்றால் ஏதாவது ஒரு தொண்டு அமைப்புக்காக நிதி திரட்டித் தர வேண்டும். இரண்டில் எதுவாக இருந்தாலும், அந்த இடம் கைக்குக் கிடைத்தவர் பனியைக் காரணம் காட்டிப் பயிற்சியை விட மனம் வருவதில்லை.

குளிர் சொல்லித்தரும் பாடங்கள்

பனியில் ஓடுவது என்றால் கம்பளியை அடுக்கிக்கொண்டு ஓடுவது என்றுதான் பலரும் நினைப்பார்கள். உண்மை அதற்கு நேர்மாறு. வீட்டைவிட்டு வெளியே வந்து நிற்கும்போது லேசாக நடுங்க வேண்டும். அப்போதுதான் உடை சரியான அளவு என்று அர்த்தம். பத்து, பதினைந்து நிமிடங்கள் ஓடினால் உடல் தானாகச் சூடாகிவிடும். முதலிலேயே கதகதப்பாகப் போர்த்திக்கொண்டு கிளம்பினால் வியர்த்துக் கொட்டும். அந்த வியர்வை குளிர்ந்தால்தான் ஆபத்து.

அதனால் பருத்தி உடைக்கு இங்கே இடமில்லை. நம் ஊர் வெயிலுக்கு வரமாக இருக்கும் பருத்தி, இங்கே வியர்வையை உறிஞ்சி வைத்துக்கொண்டு உடலோடு ஒட்டி ஐஸ்போல ஆகிவிடும். வியர்வையை வெளியே தள்ளும் மெல்லிய துணி உள்ளே, காற்றைத் தடுக்கும் ஜாக்கெட் வெளியே. விரல் விரலாகப் பிரிந்த கையுறையைவிட, நான்கு விரல்களும் ஒன்றாகச் சேர்ந்திருக்கும் கையுறை நல்லது. விரல்கள் ஒன்றுக்கொன்று சூடு கொடுத்துக்கொள்ளும். கன்னத்தில் காற்று அறையாமல் இருக்க வாஸ்லின் தடவிக்கொள்பவர்களும் உண்டு.

காற்றுக்கும் ஒரு கணக்கு இருக்கிறது. புறப்படும்போது எதிர்காற்றில் ஓட வேண்டும். திரும்பும்போது காற்று முதுகில் இருக்க வேண்டும். மாற்றிச் செய்தால், வியர்வையில் நனைந்த உடம்போடு, களைத்த நேரத்தில், பனிக்காற்றை முகத்தில் வாங்க வேண்டியிருக்கும். தண்ணீர் பாட்டிலின் வாய்ப்பகுதி முதலில் உறைந்துவிடும் என்பதால், பாட்டிலை ஜாக்கெட்டுக்குள் வைத்துக்கொள்கிறார்கள். வழியில் சாப்பிட எடுத்துப்போகும் எனர்ஜி ஜெல்லும் கெட்டியாகிவிடும். அதைக் கையுறைக்குள் வைத்துக் கொஞ்சம் இளக்கித்தான் விழுங்க வேண்டும்.

பனியைவிடப் பெரிய எதிரி, கண்ணுக்குத் தெரியாத ‘பிளாக் ஐஸ்’. பகலில் உருகிய பனி இரவில் மீண்டும் உறைந்து, தார்ச்சாலையின் மேல் மெல்லிய கண்ணாடிப் படலமாகப் படிந்திருக்கும். பார்த்தால் ஈரச் சாலை மாதிரிதான் தெரியும். கால் வைத்தால் அடுத்த நொடி தரையில் கிடப்பீர்கள். அதனால் குளிர்காலத்தில் அகலமாக எட்டு வைப்பதில்லை. சின்னச் சின்ன அடியாக, பாதம் உடலுக்கு நேர் கீழே விழும்படி ஓடுகிறார்கள். வேகத்தைப் பார்ப்பதில்லை, எத்தனை நிமிடம் ஓடினோம் என்று மட்டும் பார்க்கிறார்கள். நிலைமை மிக மோசமானால் டிரெட்மில்தான். ஆனால், 30 கிலோமீட்டரை ஓர் அறைக்குள் ஒரே சுவரைப் பார்த்தபடி ஓடுவதற்குப் பனியே பரவாயில்லை என்று மறுபடியும் தெருவுக்கு வந்துவிடுபவர்கள்தான் அதிகம்.

தெருவிலும் தனிச் சட்டதிட்டங்கள் உண்டு. பாஸ்டனில் வீட்டு வாசலையொட்டிய நடைபாதையில் விழும் பனியை அந்தந்த வீட்டுக்காரர்தான் அகற்ற வேண்டும். மணிக்கணக்கில் மண்வாரியால் பனியை அள்ளி, கார் நிறுத்த ஓர் இடத்தைச் சுத்தம் செய்தவர், வேலைக்குக் கிளம்பும்போது அந்த இடத்தில் ஒரு பழைய நாற்காலியைப் போட்டுவிட்டுப் போவார். ‘இது என் இடம்’ என்று அர்த்தம். பஸ் சீட்டில் துண்டு போட்டு இடம் பிடிக்கும் நம் ஊர் வழக்கத்தின் பாஸ்டன் பதிப்பு! இப்படி நாற்காலிகளுக்கும் பனிமேடுகளுக்கும் நடுவில், பளபளக்கும் பட்டை போட்ட சட்டையோடு, கார்களுக்கு வழிவிட்டு ஓட வேண்டும்.

கூட்டம் இல்லாத நாளில் அந்தப் பாதை

பாஸ்டன் மாரத்தான் தொடங்குவது பாஸ்டனில் இல்லை. மேற்கே இருக்கும் ஹாப்கின்டன் என்ற சின்ன ஊரில். அங்கிருந்து ஆஷ்லேண்ட், ஃபிரேமிங்ஹாம், நேட்டிக், வெல்ஸ்லி, நியூட்டன், புரூக்லைன் எனப் பல ஊர்களைக் கடந்து பாஸ்டனின் பாய்ல்ஸ்டன் தெருவில் முடியும். தொடக்க இடம் கடல்மட்டத்திலிருந்து சுமார் 150 மீட்டர் உயரம். முடியும் இடம் கிட்டத்தட்ட கடல்மட்டம். ‘அப்படியானால் இறக்கம்தானே, சுலபமாச்சே’ என்று நினைத்தால் ஏமாந்துபோவீர்கள்.

ஏப்ரலில் இந்தச் சாலையின் இருபுறமும் மனிதச் சுவர். பாதி தூரம் வரும்போது வெல்ஸ்லி பெண்கள் கல்லூரி மாணவிகள் எழுப்பும் கூச்சல் வெகுதூரத்துக்கு முன்பே காதில் விழும். அந்த இடத்துக்கே ‘அலறல் சுரங்கம்’ என்று பெயர் வைத்துவிட்டார்கள். பிப்ரவரியில் அதே இடத்தில் போய் நின்றால் எதுவும் இல்லை. இலையுதிர்ந்த மரங்கள், ஓரமாக ஒதுக்கிய அழுக்குப் பனி, சாலையில் தூவிய உப்பு, எப்போதாவது உறுமிக்கொண்டு போகும் பனி அகற்றும் வண்டி. அவ்வளவுதான்.

பயிற்சி எடுப்பவர்களுக்குப் பிடித்த இடம் நியூட்டன் ஊரில் இருக்கிறது. அங்கே காமன்வெல்த் அவென்யூ என்ற பெரிய சாலைக்குப் பக்கத்திலேயே, நடுவில் ஒரு புல்தரை விட்டு, இன்னொரு குறுகிய சாலை கூடவே போகும். ‘கேரியேஜ் ரோடு’ என்பார்கள். வாகன நெரிசல் குறைவு. மாரத்தானின் மிகக் கடினமான பகுதி இந்தச் சாலையை ஒட்டித்தான் வருகிறது. அதனால் பிப்ரவரி, மார்ச் மாதத்துச் சனிக்கிழமைக் காலைகளில் இங்கே போனால் நூற்றுக்கணக்கானவர்களைப் பார்க்கலாம். முன்பின் தெரியாதவர்கள், எதிரெதிரே ஓடும்போது ஒரு தலையசைப்போடு கடந்துபோவார்கள். அந்தத் தலையசைப்புக்கு ‘நீயுமா?’ என்று அர்த்தம்.

அந்தக் கடினமான பகுதிதான் நியூட்டன் குன்றுகள். 26-வது கிலோமீட்டரைத் தாண்டியதும் ஒன்றன்பின் ஒன்றாக நான்கு ஏற்றங்கள். கடைசி ஏற்றத்தின் பெயர் ‘ஹார்ட்பிரேக் ஹில்’. தமிழில் சொன்னால், நெஞ்சை உடைக்கும் குன்று. உண்மையில் அது மலையெல்லாம் இல்லை. சுமார் 600 மீட்டர் நீளம், 27 மீட்டர் ஏற்றம். சைக்கிளில் வந்தால்கூட மிதித்து ஏறிவிடலாம். ஆனால், 32 கிலோமீட்டர் ஓடிக் களைத்து, உடலில் சேமித்த சர்க்கரைச் சத்து தீர்ந்துபோகும் நேரத்தில் அது எதிரே வந்து நிற்கும்.

பெயருக்குப் பின்னால் ஒரு கதை இருக்கிறது. 1936-ம் ஆண்டுப் போட்டி. முந்தைய ஆண்டு வென்ற ஜானி கெல்லி, முன்னால் போய்க்கொண்டிருந்த எலிசன் பிரவுனை இந்தக் குன்றுப் பகுதியில் எட்டிப்பிடித்தார். தாண்டும்போது, ‘பரவாயில்லை தம்பி, நன்றாக ஓடினாய்’ என்பதுபோல அவர் தோளில் ஒரு தட்டு தட்டினார். அந்தத் தட்டு பிரவுனை உசுப்பிவிட்டது. சீறிப் பாய்ந்து கெல்லியை முந்தி, போட்டியையும் வென்றார். கெல்லியின் நெஞ்சு உடைந்த இடம் என்று ஒரு பத்திரிகையாளர் எழுத, பெயர் நிலைத்துவிட்டது. ஆனால், கெல்லி ஓட்டத்தை விடவில்லை. 1945-ல் மறுபடியும் வென்றார். மொத்தம் 61 முறை பாஸ்டன் மாரத்தானில் புறப்பட்டார். அவருக்கு அந்தக் குன்றின் அருகே ஒரு சிலை இருக்கிறது. இளம் வயது கெல்லியும் முதிய கெல்லியும் கைகோத்து ஓடுவது போன்ற சிலை. ஜனவரியில் இரண்டு கெல்லிகளின் தலையிலும் பனித்தொப்பி!

பனிப்புயலில் பிறந்த சபதம்

இந்தப் பாதையில் ஓடவே கூடாது என்று ஒரு காலத்தில் பாதி உலகத்தைத் தடுத்து வைத்திருந்தார்கள். பெண்களை!

1960-களில் ஒலிம்பிக்கில் பெண்களுக்கான மிக நீண்ட ஓட்டமே 800 மீட்டர்தான். அதற்கு மேல் அவர்கள் உடல் தாங்காது என்று விளையாட்டு அதிகாரிகள் உறுதியாக நம்பினார்கள். 1966-ல் பாபி கிப் என்ற 23 வயதுப் பெண் பாஸ்டன் மாரத்தானுக்கு விண்ணப்பித்தார். பெண்களின் உடல் அந்தத் தூரத்துக்கு ஏற்றதல்ல என்று பதில் வந்தது. அவர் ஹாப்கின்டனுக்கு வந்து, தொடக்கக் கோட்டுக்கு அருகே புதரில் மறைந்திருந்து, கூட்டம் புறப்பட்டதும் உள்ளே கலந்தார். 3 மணி 21 நிமிடங்களில் ஓடி முடித்தார். ஆனால், பட்டியலில் அவர் பெயர் இல்லை. நெஞ்சில் எண்ணும் இல்லை.

அதே ஆண்டு டிசம்பரில், பாஸ்டனிலிருந்து சுமார் 500 கிலோமீட்டர் மேற்கே, சிரக்யூஸ் நகரில் ஒரு பனிப்புயல். அமெரிக்காவில் மிக அதிகமாகப் பனி கொட்டும் நகரங்களில் ஒன்று அது. அந்தப் புயலுக்கு நடுவே இரண்டு பேர் ஓடிக்கொண்டிருந்தார்கள். ஒருவர் கேத்தரின் ஸ்விட்சர், பல்கலைக்கழகத்தில் இதழியல் படிக்கும் மாணவி. அங்கே பெண்களுக்கு ஓட்ட அணியே கிடையாது என்பதால் ஆண்களோடு சேர்ந்து பயிற்சி எடுத்துக்கொண்டிருந்தார். இன்னொருவர் ஆர்னி பிரிக்ஸ், 50 வயது, அதே பல்கலைக்கழகத்தில் தபால் கொடுப்பவர். 15 முறை பாஸ்டன் மாரத்தான் ஓடியவர். ஓடும்போதெல்லாம் பாஸ்டன் கதைகளையே சொல்லிக்கொண்டிருப்பார்.

அன்றும் தொடங்கினார். பொறுமை இழந்த ஸ்விட்சர், கதை பேசியது போதும், நாமே போய் ஓடிவிடலாம் என்றார். பெண்களால் அது முடியாது என்றார் பிரிக்ஸ். அந்தப் புயலிலேயே இருவருக்கும் வாக்குவாதம். கடைசியில் அவர் ஒரு நிபந்தனை வைத்தார். அந்தத் தூரத்தைப் பயிற்சியில் ஓடிக் காட்டினால், தானே பாஸ்டனுக்கு அழைத்துப் போவதாக.

அந்தக் குளிர்காலம் முழுக்க இருவரும் ஓடினார்கள். போட்டிக்கு மூன்று வாரங்களுக்கு முன்பு முழு மாரத்தான் தூரத்தையும் பயிற்சியிலேயே ஓடினார்கள். முடிந்த இடத்தில் ஸ்விட்சருக்குத் திருப்தி இல்லை. இன்னும் 5 மைல் ஓடலாம் என்றார். மொத்தம் 31 மைல், அதாவது சுமார் 50 கிலோமீட்டர். முடிவில் மயங்கி விழுந்தது அவர் இல்லை. ஆர்னி பிரிக்ஸ்தான்! மறுநாளே பிரிக்ஸ் அவர் தங்கியிருந்த விடுதிக்கு வந்து, போட்டிக்குப் பெயர் கொடுத்தே ஆக வேண்டும் என்று வற்புறுத்தினார். விதிமுறைப் புத்தகத்தைப் புரட்டிப் பார்த்தார்கள். ‘பெண்கள் ஓடக் கூடாது’ என்று அதில் எங்கேயும் எழுதியிருக்கவில்லை. ‘கே.வி.ஸ்விட்சர்’ என்று கையெழுத்திட்டு விண்ணப்பித்தார். கிடைத்த எண் 261.

1967 ஏப்ரல் 19. ஹாப்கின்டனில் பனியும் மழையும் கலந்து கொட்டியது. குளிருக்காக எல்லோரும் தொளதொள உடையில் நின்றதால் ஆணா, பெண்ணா என்று யாரும் பெரிதாகக் கவனிக்கவில்லை. சில மைல்கள் போனதும் பத்திரிகையாளர்கள் வந்த வண்டி அவரைக் கவனித்தது. கூடவே, போட்டி அதிகாரி ஜாக் செம்பிளும் கவனித்தார். பாய்ந்து வந்து ஸ்விட்சரின் சட்டையில் இருந்த எண்ணைப் பிடித்து இழுத்தார். கூட ஓடிய ஸ்விட்சரின் காதலர் டாம் மில்லர், சம்மட்டி எறிதல் வீரர், செம்பிளை ஓரமாக இடித்துத் தள்ளினார். கேமராக்கள் எல்லாவற்றையும் பதிவு செய்தன. அந்தப் படங்கள் உலகம் முழுவதும் போயின.

அந்த நிமிடத்தில் ஸ்விட்சர் நின்றிருக்கலாம். அவமானம், பயம், அழுகை எல்லாம் இருந்தது. ஆனால், தான் பாதியில் நின்றால் ‘பெண்களால் முடியாது’ என்பதை எல்லோரும் நம்பிவிடுவார்கள் என்று அவருக்குத் தெரியும். இன்னொன்றும் தெரியும். இந்தத் தூரம் அவருக்குப் புதிதல்ல. யாரும் பார்க்காத ஒரு சாலையில், இதைவிட 5 மைல் அதிகமாக ஏற்கெனவே ஓடியிருக்கிறார். அதிகாரியால் சட்டையில் இருக்கும் எண்ணைப் பிடித்து இழுக்க முடியும். குளிர்காலம் முழுக்க ஓடிச் சேர்த்த பலத்தை எப்படி இழுப்பார்? சுமார் 4 மணி 20 நிமிடங்களில் அவர் ஓடி முடித்தார்.

பெண்களை அதிகாரபூர்வமாக அனுமதிக்க 1972 வரை ஆனது. செம்பிளும் ஸ்விட்சரும் பின்னாளில் நண்பர்களானார்கள். சரியாக 50 ஆண்டுகள் கழித்து, 2017-ல், தன் 70-வது வயதில் ஸ்விட்சர் அதே 261-ம் எண்ணோடு மீண்டும் பாஸ்டனில் ஓடினார். 5 மணி நேரத்துக்குள் முடித்தும் காட்டினார். பாபி கிப்புக்கும் பின்னாளில் உரிய அங்கீகாரம் கிடைத்தது. ஒரு பெண் ஓடுவதுபோன்ற சிலை ஒன்று 2021-ல் ஹாப்கின்டனில் திறக்கப்பட்டது. அதை வடித்தவரும் பாபி கிப்தான். அவர் ஒரு சிற்பி!

ஃப்ரீசருக்குள் ஒரு மாரத்தான்

ஸ்விட்சர் ஓடிய நாளைப்போலவே, வானிலை மிரட்டிய இன்னோர் ஏப்ரலும் பாஸ்டனுக்கு வாய்த்தது. அது 2018. ஆனால், அந்தக் கதையும் ஏப்ரலில் தொடங்கவில்லை, ஜனவரி 1-ம் தேதி தொடங்கியது.

பாஸ்டனுக்குத் தெற்கே கடலோரத்தில் மார்ஷ்ஃபீல்ட் என்றோர் ஊர். புத்தாண்டு அன்று அங்கே ஒரு சின்ன மாரத்தான். வெப்பநிலை சுமார் மைனஸ் 17 டிகிரி. வீட்டு ஃப்ரிட்ஜில் ஐஸ்கிரீம் வைக்கிறோமே, அந்த ஃப்ரீசருக்குள் இருக்கும் குளிர். அதில் ஓடி முடித்தவர் ஒரே ஒருவர். ஜப்பானைச் சேர்ந்த யூகி கவாவுச்சி. நேரம் 2 மணி 18 நிமிடம் 59 நொடி. இதில் வேடிக்கை என்னவென்றால், அப்போது அவர் முழுநேர ஓட்டக்காரரே இல்லை. ஒரு பள்ளி அலுவலகத்தில் வேலை பார்க்கும் அரசு ஊழியர். வேலை நேரம் போகக் கிடைக்கும் நேரத்தில்தான் பயிற்சி.

அதே ஆண்டு ஏப்ரல் 16. பாஸ்டனில் 3 டிகிரி குளிர், கொட்டும் மழை, முகத்தில் அறையும் எதிர்காற்று. உலகின் முன்னணி வீரர்கள் பலர் நடுங்கியபடி பாதியிலேயே விலகினார்கள். கவாவுச்சி விலகவில்லை. கடைசி சில மைல்களில் முன்னால் போனவரைத் தாண்டி 2 மணி 15 நிமிடம் 58 நொடியில் வென்றார். அன்றைய வானிலை தனக்கு மிகவும் பிடித்ததாக இருந்தது என்று சிரித்துக்கொண்டே சொன்னார்.

பெண்கள் பிரிவில் டெஸ் லிண்டன் வென்றார். 33 ஆண்டுகளுக்குப் பிறகு பாஸ்டனில் ஓர் அமெரிக்கப் பெண் பெற்ற வெற்றி அது. தொடக்கத்தில் தன் உடல்நிலை சரியில்லை, விலகிவிடுவோம் என்றுதான் லிண்டன் நினைத்தார். விலகப்போகிறோம் என்றால் யாருக்காவது உதவிவிட்டுப் போகலாமே என்று, இயற்கை உபாதைக்காக ஒதுங்கிய சக வீராங்கனை ஷாலேன் ஃபிளனகனுக்காக வேகத்தைக் குறைத்துக் காத்திருந்து, அவரைக் கூட்டத்தோடு சேர்த்துவிட்டார். பிறகு பார்த்தால், மற்றவர்கள் ஒவ்வொருவராகத் தளர, லிண்டன் முன்னிலைக்கு வந்திருந்தார்!

‘அப்படியென்றால் குளிரில் பயிற்சி எடுத்தால் போதும், ஏப்ரலில் வெற்றிதான்’ என்று முடிவு கட்டிவிடவும் முடியாது. பாஸ்டன் வானிலைக்கு அதற்கும் ஒரு பதில் உண்டு. 2012-ல் போட்டி அன்று வெப்பநிலை 30 டிகிரியைத் தாண்டியது. நமக்கு அது சாதாரணம். நான்கு மாதம் பனியில் ஓடிப் பழகிய உடலுக்கு அது நெருப்பு. உடல் வெயிலுக்குப் பழக ஓரிரு வாரங்களாவது தேவை, அவர்களுக்கு ஒரு நாள்கூடக் கிடைக்கவில்லை. விரும்பினால் அடுத்த ஆண்டு வந்து ஓடலாம் என்று அமைப்பாளர்களே சலுகை கொடுத்தார்கள். அப்படியும் பெரும்பாலானவர்கள் அன்றே ஓடினார்கள். ஒரு குளிர்காலத்தை முழுதாகச் செலவழித்து வாங்கிய நாளை அவ்வளவு சுலபமாக விட்டுக்கொடுக்க முடியவில்லை.

பனிக்கு அடியில் ஒரு கோடு

எல்லா ஓட்டமும் வந்து முடிகிற இடம் பாய்ல்ஸ்டன் தெரு. நீலமும் மஞ்சளுமாக, சாலையின் குறுக்கே பெயின்ட் அடித்த முடிவுக் கோடு. ஒவ்வோர் ஆண்டும் போட்டிக்கு முன்பு புதிதாகத் தீட்டுவார்கள். போட்டி முடிந்த பிறகும் அது அங்கேயே இருக்கும். கார்களும் பஸ்களும் அதன்மேல் ஏறி இறங்கி, நிறம் மெல்ல மங்கும்.

2013 ஏப்ரல் 15 அன்று அந்தக் கோட்டுக்கு அருகில்தான் இரண்டு குண்டுகள் வெடித்தன. 3 பேர் உயிரிழந்தார்கள். 260-க்கும் மேற்பட்டோர் காயமடைந்தார்கள். பலர் கால்களை இழந்தார்கள். அந்த ஆண்டு குளிர்காலத்தில், மீண்டும் அந்தக் கோட்டைத் தொட்டுவிட வேண்டும் என்ற உறுதியோடு ஏராளமானோர் பனியில் பயிற்சி எடுத்தார்கள். 2014-ல் வழக்கத்தைவிட அதிகமாக சுமார் 36,000 பேர் ஓடினார்கள். வென்ற மெப் கெஃப்லெஸிகி, உயிரிழந்தவர்களின் பெயர்களைத் தன் எண் அட்டையில் எழுதிக்கொண்டு ஓடினார்.

அடுத்து வந்தது பாஸ்டனின் வரலாற்றிலேயே மிக மோசமான குளிர்காலம். 2014-15 பருவத்தில் மொத்தம் 281 சென்டிமீட்டர் பனி கொட்டியது. 9 அடிக்கும் மேல்! 2015 ஜனவரி 27 அன்று வீசிய பனிப்புயலில் நகரமே முடங்கியது. வாகனங்கள் ஓடத் தடை. தெருக்களில் ஆளில்லை.

அன்று பாய்ல்ஸ்டன் தெருவில் ஒரே ஒரு மனிதர் நின்றுகொண்டிருந்தார். கையில் மண்வாரி. கொட்டும் பனியில் சாலையின் குறுக்கே பனியை அள்ளி அள்ளிப் போட்டார். கொஞ்ச நேரத்தில் வெள்ளைப் பனிக்கு நடுவே நீலமும் மஞ்சளுமாக அந்தக் கோடு மட்டும் தெரிந்தது. யாரோ எடுத்த படம் சமூக வலைதளங்களில் பரவ, ‘யார் இவர்?’ என்று ஊரே தேடியது. பக்கத்தில் ஒரு மதுக்கூடத்தில் வேலை பார்ப்பவர் என்று பிறகு தெரியவந்தது. அவரும் பாஸ்டன் மாரத்தான் ஓடியவர்தான்.

கொஞ்ச நேரத்தில் மறுபடியும் பனி அதை மூடியிருக்கும். அது அவருக்கும் தெரிந்திருக்கும். போட்டிக்கு இன்னும் 12 வாரங்கள் இருந்தன. ஆனால், அந்தப் படத்தைப் பார்த்தவர்களில் எத்தனையோ பேருக்கு மறுநாள் காலை 5.30 மணிக்கு அலாரம் அடிக்கும். வெளியே இருட்டு. ஜன்னல் கண்ணாடியில் உறைபனி. போர்வையை விலக்கி எழுந்து ஷூ கயிற்றைக் கட்ட ஒரு காரணம் வேண்டும்.

அந்தக் கோடு பனிக்கு அடியில் பத்திரமாக இருக்கிறது என்று தெரிந்தால் போதாதா?